கீழ்மண் மட்டும் லோரெட்டாவுடையது

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்வேன், பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போலப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்து பகலெல்லாம் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இந்த டெக்சாஸில் ஒரே மண்ணுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் உண்டு. மேலே புல்லும் மாடும் ஒருவருடையது. அதே இடத்துக்கு அடியில் கிடக்கும் எண்ணெயும் வாயுவும் வேறொருவருடையது. மேலே உள்ளதை விற்றுவிட்டுக் கீழே உள்ளதை மட்டும் தன் பேரில் வைத்துக்கொள்ளலாமாம். அப்படிக் கீழே பாத்தியதை உள்ளவர்களைத் தேடிப் போய், துளை போட்டு எண்ணெய் எடுக்க நிலத்தடியைக் குத்தகைக்கு விடுங்கள் என்று பேசிக் கையெழுத்து வாங்குவதுதான் என் மகள் செல்வியின் வேலை. அந்த வேலைக்கு லேண்ட்மேன் என்று பெயர். "பொம்பளைக்கு என்னடி மேன்?" என்று கேட்டேன். "அதெல்லாம் கண்டுக்காதம்மா, எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள்.

மருமகன் பிரிந்து போனபின் தனியாக இருக்க முடியாமல் செல்வி என்னை இங்கே ஆலன் என்ற ஊருக்கு வரவழைத்துக்கொண்டாள். வரவழைத்தாளே தவிர, அவள் வீட்டில் இருப்பது குறைவு. கோயிலுக்குப் போனால் நம் ஆட்கள் நிறையப் பேர் உண்டு. "ஆன்ட்டி, சாப்ட்டீங்களா?" என்று கேட்பார்கள், பதில் வருவதற்குள் டேகேர், கிரீன் கார்டு என்று அவர்கள் பேச்சுக்குப் போய்விடுவார்கள். நானும் வாயைத் திறந்து பேசுகிற சுபாவம் இல்லாதவள். வீட்டில் ஃப்ரிட்ஜ் போடுகிற சத்தத்துக்குக்கூட ஒருநாள் "என்ன?" என்று கேட்டுவிட்டேன். அதைச் செல்வி கேட்டிருக்கிறாள். மறுநாளிலிருந்து என்னையும் காரில் ஏற்றிக்கொண்டாள்.

கார் போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். வழியில் ஒரு மனிதத் தலை தெரியாது. வயலில் இரும்பு இயந்திரங்கள் மட்டும் தலையைக் குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்கும். எங்கள் திருவாரூர்ப் பக்கமும் எண்ணெய்க் கிணறு உண்டு. நெல்வயலுக்கு நடுவில் கம்பிவேலி, உள்ளே குழாயும் வால்வும். நம் நாட்டில் அடியில் இருப்பது சர்க்காருடையது, வயல்காரரிடம் மேலே இருக்கிற வயலுக்கு மட்டும்தான் பேசுவார்கள். இங்கே ஒவ்வொரு கிழவி வீட்டுக் கதவையும் தட்டி, காபி குடித்து, கெஞ்ச வேண்டியிருக்கிறது.

அப்படித் தட்டிய கதவுகளில் ஒன்று லோரெட்டாவுடையது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். புருஷன் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் தூர தேசத்தில். நிலத்தின் மேல்பகுதியை விற்றுவிட்டு, ஒரு சின்ன ஊரின் ஓரத்தில் சின்ன வீட்டில் இருக்கிறாள். முதல் தடவை போனபோது "நீ கார்லயே இரும்மா, ஏசி போட்டு வைக்கறேன்" என்று செல்வி சொல்லிவிட்டு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் கதவைத் திறந்துகொண்டு விடுவிடுவென்று வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். பின்னால் செல்வி ஓடிவந்தாள், முகமெல்லாம் சிவந்து.

"நாயைக்கூட இந்த வெயில்ல கார்ல விடமாட்டாங்களாம், பெத்த அம்மாவ விட்டுட்டு வந்துட்டேன்னு திட்டுறாம்மா. இறங்கு, இறங்கு."

"கம் ஆன் இன், ஹனி" என்று லோரெட்டா என் கையைப் பிடித்தாள். இந்த நாட்டுக்கு வந்து என் கையைப் பிடித்த முதல் அந்நியக் கை அதுதான். என் பெயர் ருக்மணி என்று செல்வி சொன்னாள். அது லோரெட்டாவின் வாய்க்குள் போய் "மிஸ் ருக்கு" என்று வெளியே வந்தது. ஊரில் என்னை அப்படிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.

அன்றைக்குக் கையெழுத்து ஆகவில்லை. கிளம்பும்போது நீல மூடி போட்ட ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பீச் பழம் போட்டுச் சுட்ட பலகாரத்தைக் கொடுத்தனுப்பினாள். எங்கள் பக்கம் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. அடுத்த தடவை போனபோது முறுக்கு சுட்டு நிரப்பிக்கொண்டு போனேன். அவளுக்கும் அதே வழக்கம்போல, சோள ரொட்டி போட்டுத் திருப்பிவிட்டாள். நான் ரவா லட்டு. அவள் பீக்கான் என்ற கொட்டை போட்ட இனிப்பு. பாத்திரம் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் போய் வந்துகொண்டே இருந்தது. செல்வி பேப்பரை எடுத்து வைத்துப் பேசுவாள். லோரெட்டா முறுக்கைக் காபியில் நனைத்துத் தின்றபடி, நெக்ஸ்ட் டைம், நெக்ஸ்ட் டைம் என்பாள். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம். இந்த நாட்டில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்த வேறு வீடு இல்லை.

ஆரம்பத்தில் செல்விக்கும் சந்தோஷம்தான். "என் மேனேஜர்கிட்ட சொன்னேம்மா, உன் முறுக்குதான் நம்ம கம்பெனி சீக்ரெட்டுன்னு சிரிக்கறார்" என்றாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. சுற்றியிருந்த பாத்தியதைக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று, நடுவில் லோரெட்டாவின் பங்கு மட்டும் நின்றது. ஒருநாள் திரும்பி வரும் வழியில் செல்வி காரை ஓரமாக நிறுத்தினாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லுவேன், கோச்சுக்கக் கூடாது. அவ சைன் பண்ணாததுக்குக் காரணம் நீதான்."

"நான் என்னடி பண்ணினேன்? எனக்கு அவ பாஷையே தெரியாது."

"அந்தப் பாத்திரம்! நீ ஒவ்வொரு தடவையும் ரொப்பிக் குடுக்கற. அவ மறுபடி ரொப்பித் தர்றா. சைன் பண்ணிட்டா நாம வரமாட்டோம்னு அவளுக்குத் தெரியும். அதான் இழுத்தடிக்கறா."

"அது தப்பா?"

"தப்பில்லம்மா." செல்வி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "இது முடியலைன்னா அடுத்த ப்ராஜெக்ட்ல என்னைச் சேத்துக்க மாட்டாங்க. எனக்குக் கான்ட்ராக்ட் வேலைம்மா. வேற யாரு இருக்கா நமக்கு?"

எனக்குச் சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது, எனக்கும் போக வேறு வீடு இல்லையே என்று. அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

"இந்தத் தடவை காலியா குடுத்துடும்மா. அவளே புரிஞ்சுப்பா."

கடைசித் தடவை போவதற்கு முந்தின நாள் அந்தப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து வைத்தேன். அடுப்பு மேடையில் வெறுமனே இருந்தது. கிளம்புகிற நேரத்தில் மனசு கேட்காமல் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு மூடினேன். கொடுக்க ஒன்றும் இல்லாத நாளில் நம் வீடுகளில் அப்படித்தானே செய்வோம்.

லோரெட்டா ஆசையாக மூடியைத் திறந்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு விரலை ஈரமாக்கி, ஓரத்தில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். "ஸ்வீட்" என்றாள். செல்வியிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

"என்னடி சொல்றா?"

"ஒண்ணுமில்லம்மா. பேங்க்குக்குப் போலாம்னு சொல்றா. அங்க நோட்டரி இருக்காங்களாம்."

லோரெட்டா சொன்னது அதைவிட நீளமாக இருந்தது. ஆனால் நான் திருப்பிக் கேட்கவில்லை.

லோரெட்டா நல்ல சட்டை மாற்றி, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து காரில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியில் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். பூட்டிய இரும்புக் கதவு, அதற்கு அப்பால் பெரிய வெளி, கறுப்பு மாடுகள். அவள் விற்ற நிலம், உள்ளே போக முடியாது, வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு காலால் தரையைத் தட்டி, கீழே காட்டி, தன் மார்பைக் காட்டினாள். அதற்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் நினைவு வந்தது. இங்கே வருவதற்காக எங்கள் வீட்டை விற்றபோது, பத்திரம் எழுதுகிறவர் வேகமாகப் படித்துக்கொண்டே போனார். நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம் என்று வந்தது. "அது என்ன தம்பி?" என்று கேட்டேன். "பொதையலு, பொதச்சு வெச்சது, தண்ணி, மரம், கல்லு. எல்லாத்தையும் சேத்துக் குடுத்துட்டீங்கன்னு அர்த்தம் பெரிம்மா, ஒண்ணும் பாக்கி இல்லை" என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். நம் ஊரில் அப்படித்தான், கொடுத்தால் ஒரேயடியாகக் கொடுத்துவிட வேண்டும். அடியில் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பேங்க்கில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. செல்வி வெளியே வந்து பெருமூச்சு விட்டாள், லோரெட்டாவைக் கட்டிக்கொண்டாள். அவளை வீட்டில் இறக்கிவிட்டபோது, "வெயிட், மிஸ் ருக்கு" என்று உள்ளே போனாள். அந்தப் பாத்திரத்தோடு வந்தாள். அவள் வீட்டு மரத்துப் பீக்கான் கொட்டைகள், உடைக்காதவை, நீல மூடி மூட முடியாத அளவுக்கு. என் மடியில் வைத்து, மூடியின் மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் விட்ட பிறகுதான் கார் நகர்ந்தது.

செல்விக்கு அடுத்த வேலை கிடைத்துவிட்டது. இப்போது வேறு திசையில், வேறு கவுண்டியில், நம் ஊரில் ஜில்லா என்கிற மாதிரி. இரவு தங்கித்தான் வர வேண்டும் என்பதால் என்னைக் கூட்டிப் போவதில்லை. "ஒரு லாங் வீக்கெண்ட்ல லோரெட்டாவைப் பாக்கப் போலாம்மா" என்கிறாள். அவள் மேல் தப்பில்லை, வந்தவுடன் தூங்கிவிடுகிறாள். போனில் பேசலாமே என்பீர்கள். எங்களுக்குள் பேச மொழி ஏது? சேர்ந்து உட்காரத்தான் தெரியும். கொட்டைகள் தீர்ந்துவிட்டன. பாத்திரம் ஃப்ரிட்ஜின் மேல் இருக்கிறது. அதில் வேறெதையும் போட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வீட்டில் இருந்தாலும் அது இந்த வீட்டுப் பாத்திரம் இல்லை. நானும் அப்படித்தான் இங்கே இருக்கிறேன். திருவாரூர் வீட்டுக்கு அடியில் என்னுடையது ஒன்றும் பாக்கி இல்லை என்று பத்திரத்தில் இருக்கிறது. இருந்தும் அங்கே மழை என்று கேள்விப்பட்டால் எனக்குக் கால் ஈரமாகிறது.

ஒன்று கேட்டு முடிக்கிறேன். அந்தக் குத்தகை மூன்று வருஷத்துக்குத்தான், அதற்குள் துளை போடாவிட்டால் காலாவதியாகிவிடும், மறுபடி யாராவது போய்க் கையெழுத்து வாங்க வேண்டும், போட்டு எண்ணெய் வந்துவிட்டால் வருகிறவரைக்கும் குத்தகை நிற்கும் என்று செல்வி காரில் சொன்னதாக நினைவு. மூன்றா, ஐந்தா, சரியாகக் காதில் வாங்கவில்லை. அவளிடம் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பாள். இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அதுவரை அந்த மாட்டுப் புல்வெளியில் யாரும் துளை போடாமல் இருக்கட்டும்.