வெள்ளைக்கு ஏது கழுத்து

“இது என்னம்மா?” என்று எவர் கேட்டாலும் செந்தாமரை கரண்டியை நிறுத்துவதில்லை. “சிவப்புங்க” என்பார். மஞ்சள் படமென்றால், “மஞ்சளுங்க.”

தூரிகையைத் தொடமாட்டார். கொத்தனார் கரண்டியால்தான் சாயத்தை வழித்துப் பூசுவார். நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு அப்பால் மூடிக்கிடக்கும் அரிசி ஆலைதான் பட்டறை. துணியைத் தரையில் விரித்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாற்று நடுகிறவர்களைப் போலக் குனிந்தபடி பின்னால் நகர்ந்து நகர்ந்து தீட்டுவார். அம்மா ராமாயி நடவுக்குப் போனவர். “எங்கம்மா நட்டா பச்சை மட்டும்தான். நான் நட்டா எல்லாக் கலரும் மொளைக்கும்” என்பார், கும்பகோணத்தில் ஓவியம் படித்துப் பட்டம் வாங்கிய மகள்.

கோபம் வருவது ஒன்றுக்குத்தான். சென்னையில் ஒரு காட்சிக்கூடத்தார் அவர் படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். “உங்கள இப்படித் தொங்கவிட்டா சும்மா இருப்பீங்களா?” என்று கேட்டுவிட்டு, படத்தைக் கழற்றிக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

வெளியூர்களில் படங்கள் விலைபோயின. சொந்த ஊரில் ஒரு சுவர்கூடக் கிடைக்கவில்லை. முருகன் இல்லை, மயிலாவது உண்டா என்றால் அதுவும் இல்லை, யார் மாட்டுவார்? கடைசியில் அதே ஊர் ஹமீதா பானு ஒரு படம் கேட்டார். மகன் முபாரக் துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில் எழுந்த புதுவீடு. தொழுகிற கூடத்தில் உயிருள்ள எதன் உருவமும் கூடாது. “உன் படத்துலதான் ஒண்ணுமே இல்லியே புள்ள, அதான் எனக்குப் புடிச்சிருக்கு” என்றார். இப்படியொரு பாராட்டைச் செந்தாமரை அதுவரை கேட்டதில்லை.

குடிபோவதற்கு முதல்நாள் மாட்டியாயிற்று. சுவர் நிறையச் சிவப்பு, நடுவே ஒரு வெள்ளை இழுப்பு. ஹமீதா பானு தள்ளி நின்று பார்த்தார்.

“இது கொக்குல்ல?”

“வெள்ளைங்கம்மா அது.”

“வெள்ளைக்கு ஏது புள்ள கழுத்து? ஒத்தக் கால்ல வேற நிக்குது. வேணாம், கழட்டிடு.”

செந்தாமரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கொக்கேதான். சேடை ஓட்டிச் சேறாக்கிய வயலில் மீனுக்கு நிற்கிற அதே நிற்பு. எப்போது வந்து இறங்கியதோ, தீட்டியவருக்கே தெரியாது.

ஏணியில் ஏறிக் கழற்றினார். படத்தை அணைத்துப் பிடித்தபடி இறங்கினார். பிறகு பின்பக்கக் கம்பியை மாற்றிக் கட்டி, மறுபடி ஏறித் தலைகீழாக மாட்டினார்.

“இப்ப என்னம்மா தெரியுது?”

ஹமீதா பானு முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

“சிவப்பு” என்றார். “நடுவுல கொஞ்சம் வெள்ளை.”

மேல் மூலையில் கவிழ்ந்து தொங்கிய தன் கையெழுத்தைச் செந்தாமரை நகத்தால் சுரண்டி எடுத்தார். இறங்கி வந்து, பையிலிருந்த கரண்டியின் நுனியில் கறுப்பைத் தொட்டு, கீழ் மூலையில் புதிதாகப் போட்டார்.