ஹொர வேறு, வெரதி வேறு

என் மனைவிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கொடகவெல பஸ்ஸில் அவள் கொடுத்த பத்து ரூபாய்க் குற்றிக் காசைக் கண்டக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேக்க ஹொர எகக்" என்று திருப்பிக் கொடுத்தபோது, அவள் முணுமுணுத்தது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

சிங்களத்தில் கள்ளக்காசுக்கும் ஹொர, கள்ளருக்கும் ஹொர. கண்டக்டர் சொன்னது காசை. அதே பஸ்ஸில் வந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அதை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். பட்டப்பெயர் வைக்க லயத்து வீடுகளில் ஆளுக்கா பஞ்சம்? மறுநாளே அவள் "ஹொரக்காசி" ஆகிவிட்டாள். அவளுக்கு வேலை பிள்ளைக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். அந்த வாரம் ஒருத்தி தன் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. மாமியாரிடம் விட்டுவிட்டாளாம்.

"காசு கெடக்குதுங்க. புள்ளய நம்பிக் குடுக்கிற கையி இது" என்றாள் என் மனைவி. அடுத்த லீவு நாளில் இரத்தினபுரிக்குக் கிளம்பிவிட்டாள், நான் வால் மாதிரி பின்னால்.

மாணிக்கக்கல் விற்கும் தெருவில், பழைய காசு சேர்க்கிற ஒரு சிங்கள முதலாளி இருந்தார். பத்து ரூபாயைச் சோதிக்க அதைவிட அதிகமாகப் பஸ்ஸுக்குக் கொடுத்து வந்தவளைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு. ஆனாலும் கல் நிறுக்கும் தராசில் அதையும் ஒரு நல்ல குற்றியையும் மாற்றி மாற்றி வைத்தார். எடை ஒன்றுதான். காந்தமும் இரண்டையும் ஒரே மாதிரி இழுத்தது. வார்த்தெடுத்த கள்ளக்காசில் எழுத்து மழுங்கியிருக்குமாம், பொடிப்பொடிக் குழி தெரியுமாம். இதில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதும் எழுத்தெல்லாம் கூர்மை. அச்சு மட்டும் ஒரு பக்கம் விலகி விழுந்திருந்தது, அவசரத்தில் வைத்த பொட்டு மாதிரி.

அவள் என் பக்கம் திரும்பினாள். "கள்ளன் இவ்வளவு கோணலாவா அடிப்பான்? மாட்டிக்குவோம்னு பயந்து நேராத்தானங்க அடிப்பான்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதையே அவள் சிங்களத்தில் கேட்டதும் முதலாளி சிரிப்பை நிறுத்தினார். "ஹொர நெமேய், வெரதி" என்றார். கள்ளம் இல்லை, பிழை. அரசாங்கம் அடித்த காசுதான், அடிக்கும்போது தவறிவிட்டது. நல்ல விலை தருகிறேன் என்றும் சொன்னார். விற்க வரவில்லை என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பும்போது வாய்த்தது அதே கண்டக்டர். முடிச்சை அவிழ்த்துக் காட்டி, "ஹொர நெமேய் மல்லி, வெரதி" என்று அவரைத் தம்பி முறை வைத்துச் சொன்னாள். அவள் குரல் அத்தனை உயர்ந்து நான் கேட்டதில்லை. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, அதில் வந்த எங்கள் தோட்டத்து ஆட்களும்தான். அவர் குற்றியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு "சமாவென்ன அக்கே" என்று மன்னிப்புக் கேட்டார். காசு மறுபடி முந்தானைக்குப் போனது.

மறுநாள் காலையில் அந்தத் தாய் பிள்ளையோடு காம்பரா வாசலில் வந்து தலைகுனிந்து நின்றாள். நல்ல சூடாக நாலு வார்த்தை விழும் என்று நானும் வேலைக்குப் போகாமல் காத்திருந்தேன். முடிச்சு இடுப்பில்தான் இருந்தது. என் மனைவி அதைத் தொடவில்லை. இரண்டு கையையும் நீட்டிப் பிள்ளையை வாங்கினாள்.

"பால் குடிச்சிச்சா?" என்றாள்.