சாண்ட்விச்சில் பாதி

மைதான வாசலில் நுழையும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு ‘டிக்’. கோட்டுப் பைக்குள் இருக்கும் எண்ணும் கருவியை லூதர் ப்ரெங்கிலின் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருக்கும். யாராவது கை கொடுக்க வந்தால் இடது கையைத்தான் நீட்டுவார். குழந்தைகளைக் கண்டால் மட்டும் ஒரு தயக்கம்: “நடக்குற பிள்ளையா, தூக்கிட்டுப் போற பிள்ளையா?”

அயோவாவின் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே, முப்பது மைல் இடைவெளியில் க்ரெஸ்லர், வார்டல் என்று இரண்டு சிறிய கல்லூரிகள். அமெரிக்கக் கால்பந்தில் பரம வைரிகள். ஆட்டம் யார் மைதானத்தில் நடந்தாலும் டிக்கெட் வசூலில் ஆளுக்குப் பாதி என்பது ஒப்பந்தம். க்ரெஸ்லருக்கு வரும் பாதியில்தான் பையன்களுக்கு ஹெல்மெட், பஸ் வாடகை எல்லாம். அதைக் குறையாமல் வாங்கி வருவது லூதரின் வேலை. ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. ஸ்கோர் கேட்டால், “நம்ம பங்கு எவ்வளவுன்னு கேளு, சொல்றேன்” என்பார்.

போன சனிக்கிழமை வார்டல் மைதானத்தில் அவர் எண்ணியது ஆயிரத்து எண்ணூறு தலை. விற்ற டிக்கெட்டோ ஆயிரத்து ஐந்நூறுதான்.

“ஏம்மா டோரா, மிச்ச முந்நூறு பேரும் வேலி தாண்டியா வந்தாங்க?”

வார்டலின் டிக்கெட் பொறுப்பாளர் டோரா ஹின்ஷா அசரவில்லை. “அவங்க சாண்ட்விச் வாங்கினவங்க. பன்னிக்கறி சாண்ட்விச் பத்து டாலர். வாங்கினா ஆட்டம் இலவசம்.”

“டிக்கெட்டும் பத்து டாலர்தானே! இந்தப் பன்னிக்கறி என்ன தங்கத்துல வெந்ததா?”

“ஒப்பந்தத்துல டிக்கெட்ல பாதின்னு இருக்கு. சாண்ட்விச்சுனு ஒரு வார்த்தை காட்டுங்க, தர்றேன்.”

லூதர் ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார். காது மடல் சிவந்தது. க்ரெஸ்லரின் பங்கில் ஆயிரத்து ஐந்நூறு டாலர் போயிற்று.

“அடுத்த வருசம் அந்த வார்த்தையும் இருக்கும், பாருங்க!”

“சரி, மனசு கேக்கல. விக்காம எண்பது கிடக்கு. பாதி எடுத்துக்கோங்க.” டோரா சிரித்துக்கொண்டே நாற்பது பொட்டலங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

ஆட்டம் முடிந்து கூட்டம் பசியோடு வெளியே வந்தபோது, வாசலில் பெட்டியோடு நின்றார் லூதர். “சூடா இல்ல, ஆனா மூணே டாலர்! உள்ள பத்து!” கால் மணி நேரத்தில் முப்பத்தொன்பது போய்விட்டது. உள்ளே பத்து டாலர் கொடுத்தவர்கள் டோராவைத் தேடத் தொடங்கினார்கள்.

அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். “லூதர்! இது எங்க மைதானம்! இங்க எது வித்தாலும் பாதி எங்களுக்கு!”

லூதர் கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தார். சாண்ட்விச்சை நிதானமாக இரண்டாகப் பிய்த்து, இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கி அளந்து பார்த்துவிட்டு, சிறிய துண்டை அவளிடம் நீட்டினார்.