நாற்பத்தெட்டு நிமிடமும் ஒரு கெண்டைக்காலும்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிப் பணிமனையில் விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. "கடிகாரம் இருக்காரா?" என்று கேளுங்கள், வாசல் காவலாளிகூட உள்ளே கையைக் காட்டிவிடுவார். பதினேழாம் எண் பஸ்ஸை ஓட்டுகிறவர். ஆறரைக்கு என்றால் ஆறரைக்குச் சக்கரம் உருளும். மழையாவது, மறியலாவது! அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. தாமதமாக வரும் டிரைவர்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், தன் கைக்கடிகாரத்தை மட்டும் ஒருமுறை பார்ப்பார். அதற்கு நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் தேவலை என்று இருக்கும் அவர்களுக்கு.

நாற்பத்தாறாவது வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கச் சொன்னால் நடந்துவிட்டுப் போக வேண்டியதுதானே? நம்ம ஆள் இரண்டு மாதம் நடந்தார், பிறகு ஓட ஆரம்பித்தார். ஓட்டத்தையாவது சும்மா ஓடினாரா, அதற்கும் நேரம் குறித்தார். நாலு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் மூன்றே வாரத்தில் ஒன்பதுக்குத் தாவினார். சர்க்கரை இறங்கியது, தொப்பை கரைந்தது, கால்சட்டைகளை இடுப்பில் பிடிக்கக் கொடுத்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வலது காலைத் தவிர.

முதல் தடவை விடியற்காலையில் வந்தது. கட்டிலில் சோம்பல் முறித்தார், அவ்வளவுதான். கெண்டைக்கால் சதை கல்லாக இறுகிப் பாதம் தானாகக் கீழ்நோக்கி வளைந்துகொண்டது. அவர் போட்ட சத்தத்தில் மனைவி பல் துலக்கிக்கொண்டிருந்தவள் நுரையோடு ஓடிவந்தாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள், எதற்கும் பதற மாட்டாள். கால்விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கமாக மெல்ல மடக்கினாள்.

"காலை நீட்டுங்க. மடக்காதீங்க, நீட்டுங்கன்னா!"

"உசுரு போகுதுடி!"

"ஒம்பது கிலோமீட்டர் ஓடுற உசுரு அவ்வளவு சீக்கிரமா போயிடாது. நீட்டுங்க."

இரண்டு நிமிடத்தில் விட்டது. அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை வந்தது. டாக்டரிடம் காட்டச் சொல்லி மனைவி நச்சரித்துப் பார்த்தாள். லீவு போட வேண்டுமே என்று அவர் பிடிகொடுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, பத்து மணி வாக்கில், பஸ்ஸில் உட்கார இடமில்லை. பாலத்திலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடத்துச் சிக்னலை நெருங்கும்போது மஞ்சள் விழுந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்குக்கு மாற்ற வேண்டும். கால் வரவில்லை. கெண்டைக்கால் பூட்டிக்கொண்டு, பாதம் தன்பாட்டுக்கு ஆக்ஸிலேட்டரை அழுத்தியது. பஸ் நிற்பதற்குப் பதிலாகப் பாய்ந்தது. இடது காலைத் தூக்கிப் பிரேக்கில் போட்டு, கை பிரேக்கையும் சேர்த்து இழுத்தார். பஸ் குலுங்கி நின்றது. முன்னால் ஒரு ஸ்கூட்டர். ஓட்டிய அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த சீருடைக் குழந்தைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்தக் குழந்தை திரும்பி அண்ணாந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. பஸ் விளையாட்டுக் காட்டுகிறது என்று நினைத்ததோ என்னவோ, கையை வேறு ஆட்டியது.

உள்ளே ஒரே களேபரம். "யோவ், ஓட்டுறியா உருட்டுறியா?" என்று ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தேடியபடி கத்தினார். கண்டக்டர் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பன்னிரண்டு வருடமாக அவரோடு அதே பஸ்ஸில் போகிறவர், அவரைவிட ஆறு வயது மூத்தவர். டிரைவரின் வெளிறிய முகத்தைப் பார்த்தார், விறைத்துக்கொண்டிருந்த காலைப் பார்த்தார். சட்டென்று திரும்பினார்.

"நாய் குறுக்கே வந்துடுச்சுங்க! எல்லாரும் கம்பியைக் கெட்டியா பிடிச்சிக்கோங்க."

உடனே பஸ் முழுக்க அந்த நாயைத் திட்ட ஆரம்பித்தது. "நானும் பார்த்தேன், கறுப்பு நாய்" என்று ஒருவர் சாட்சி சொன்னார். கூத்தைப் பாருங்கள்!

வேலை முடிந்து பணிமனை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் இருவரும் வாயைத் திறந்தார்கள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? அத்தனை பேர் முன்னாடி உன் மானத்தை வாங்கச் சொல்றியா? ஒரு தடவைதான் நாய் வரும், தம்பி. அடுத்த தடவை நான் எந்த நாயையும் கூப்பிட மாட்டேன்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிசியோதெரபி அறையில் இருந்த பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும், கேள்வி கேட்பதில் மட்டும் போலீஸ்.

"ஓடி முடிச்சதும் காலை நீட்டி விடுவீங்களா?"

"அதுக்குப் பத்து நிமிஷம் ஆகுமேம்மா."

"ஓடுறதுக்கு ஒரு மணி நேரம் இருக்கு, அதுக்குப் பத்து நிமிஷம் இல்லையா?"

சுவரில் இரண்டு கையையும் ஊன்றச் சொன்னாள். வலது காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல், உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். அரை நிமிடம் அப்படியே. பிறகு மற்றக் கால். ஓடி முடித்த பிறகு மூன்று தடவை, படுக்கப் போகுமுன் மூன்று தடவை. ஓட்டத்தை மறுபடி நாலு கிலோமீட்டருக்கு இறக்கிவிட்டு, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். பிடித்துக்கொண்டால் வெடுக்கென்று உதறக் கூடாது, விரல்களைத் தன் பக்கமாக மெதுவாக இழுத்துப் பிடித்து, சதை இளகினதும் நீவிவிட வேண்டும்.

"ஓடிக் களைச்ச சதையைக் கொண்டுபோய் மணிக்கணக்கா பாதத்தை அழுத்தின மேனிக்கே வச்சிருக்கீங்க. அது என்னதான் பண்ணும்? சரி, தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"காலையில ஒரு காபி. அப்புறம் டூட்டி முடிஞ்சு ரெண்டரைக்குத்தான்."

"அவ்வளவு வேர்த்துட்டு, எட்டு மணி நேரம் தண்ணியே இல்லாமலா?"

"குடிச்சா போகணுமேம்மா. போக நேரம் கிடையாது."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, இரத்தத்தையும் பார்க்க வேண்டும், சாப்பிடுகிற மாத்திரைகளை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றாள். பிறகு ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினாள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை இவர் வண்டி ஓட்டக் கூடாது.

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொடுத்தால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள், திரும்ப எப்போது ஏற்றுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. கொடுக்காமல் ஓட்டினால்? கையாட்டிய அந்தக் குழந்தை கண்ணுக்குள்ளேயே நின்றது.

அடுத்த நாள் காலையில் ஆறு மணிக்குச் சீருடையோடு பணிமனைக்கு வந்துவிட்டார். காகிதம் பையிலேயே இருந்தது. அக்காவிடம்தான் முதலில் புலம்பினார்.

"தண்ணி குடிக்கணுமாம்க்கா. நடக்கிற காரியமா? கடைசி ஸ்டாப்புல வண்டியைத் திருப்பவே நேரம் சரியா இருக்கு. கக்கூஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மார்க்கெட்டுக்குப் பின்னாடி."

அக்கா டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"முன்னாடி அங்க ஏழு நிமிஷம் நிப்போமே, அது எங்க போச்சுன்னு உனக்கு நிஜமாவே ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அந்தப் பாதைக்கு ஐம்பத்தைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் கொஞ்சம் முன்னதாகப் போய்ச் சேர்ந்து, கால் நீட்டிவிட்டு, முகம் கழுவிவிட்டுத் திரும்புவார்கள். "எதுக்கு சார் ஐம்பத்தஞ்சு? நாற்பத்தெட்டு போதும்" என்று அதிகாரிகளிடம் வலியப் போய்ச் சொன்னது யார்? இவர்தான். வாயால் சொன்னது போதாதென்று ஓட்டியும் காட்டினார். அன்றிலிருந்து எல்லோருக்கும் நாற்பத்தெட்டு. பாராட்டிக் கைகுலுக்கி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், பட்டப்பெயர் வந்ததும் அப்படித்தான். கெட்டிக்காரத்தனம் பண்ணுவதாக நினைத்து, தன் தலையில் மட்டுமா, ஊரார் தலையிலும் மண்ணை வாரிப் போட்டிருந்தார்.

"நான் டூட்டி நாள்ல ஒரு மடக்குத் தண்ணிகூடக் குடிக்கிறதில்ல" என்றார் அக்கா. "ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில படுத்தேனே, வயித்து வலின்னு உன்கிட்ட சொன்னேன். அது வயித்து வலி இல்ல. அடக்கி அடக்கி வந்தது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"எதைச் சொல்றது? பொம்பளை நான் இதைப் போய் உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? சொன்னாலும் நீ என்ன பண்ணியிருப்ப, வாட்சைப் பார்த்திருப்ப."

அவருக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு தடவையும் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போயிருந்தார். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்தது நினைவுக்கு வந்தது.

நேரே நேரக்காப்பாளர் அறைக்குப் போனார். அந்த மனிதர் மேசையில் ஒரு புகார்க் கடிதத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"வாய்யா. புதன்கிழமை யாரோ மூக்குக்கண்ணாடி உடைஞ்சதுன்னு எழுதியிருக்காங்க. நாய் வந்துச்சாமே?"

"நாய் வரல சார். என் கால் பிடிச்சிக்கிச்சு."

காகிதத்தை நீட்டினார். நேரக்காப்பாளர் படித்தார், கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"இதை நான் வாங்கினா இப்பவே உன்னை இறக்கணும். உனக்குக் கெட்ட பேரு ஆயிடும்யா. பேசாம நாலு நாள் லீவு எழுதிக் கொடு. இதை உள்ள வை, நான் பார்க்கல."

ஒரு கணம் அவர் கை தயங்கியது உண்மை. அப்படியே உள்ளே வைத்துக்கொண்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"வாங்கிக்கோங்க சார்" என்றார். "இன்னொண்ணும் எழுதிக்கோங்க. பதினேழுக்கு நாற்பத்தெட்டு நிமிஷம் பத்தாது."

"நீதானேய்யா ஓட்டிக் காட்டின?"

"நான்தான் காட்டினேன். அன்னைக்கு நான் காட்டினது தப்பு."

அன்று பதினேழாம் எண் மாற்று டிரைவர் கிடைத்து ஆறு ஐம்பதுக்குத்தான் கிளம்பியது. பணிமனையே வேடிக்கை பார்த்தது. "கடிகாரம் நின்னுபோச்சுடோய்!" என்று யாரோ கத்தினார்கள், சிரிப்பு கிளம்பியது. அவரை உதிரிபாக அறையில் போட்டார்கள். நட்டு எண்ணுவது, போல்ட்டு எடுத்துக் கொடுப்பது. பதினேழில் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து நேர மாற்றக் கோரிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்கு இடது கால், ஒருவருக்கு வெளியில் சொல்ல முடியாத சங்கடம். சிரித்தவர்களும் அதில் உண்டு. அவர் தினமும் மாலையில் அறைச் சுவரில் கை ஊன்றிக் காலை நீட்டிக்கொண்டு நின்றார். பிடிப்பு குறைந்தது. டாக்டர் இன்னும் சரி சொல்லவில்லை.

ஆறாவது வாரம் புதிய நேரம் அமலுக்கு வந்தது. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு கடைசி ஸ்டாப்புக்குப் போய் ஓரமாக நின்றார். பஸ் வந்தது, இன்ஜின் அணைந்தது. தன் இருக்கையில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அக்கா இறங்கினார். வண்டிகள் போகும்வரை நின்று, அவசரமே இல்லாமல் ரோட்டைக் கடந்து மார்க்கெட் பக்கம் போனார். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ன தம்பி, வேவு பார்க்க வந்தியா?"

"சும்மாதான்க்கா."

"எப்ப ஏறுவ?"

"தெரியலக்கா. டாக்டர் சொல்லணும்."

"வருவ, வருவ" என்று சொல்லிவிட்டு அக்கா படியில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, நிதானமாகப் பாதிக்குமேல் குடித்தார். பன்னிரண்டு வருடம் ஒரே பஸ்ஸில் போயிருக்கிறார்கள். அவர் தண்ணீர் குடித்து இவர் பார்த்தது அன்றுதான்.