பேர் சொல்லி ஒரு ஜெபம்

திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளென்றால் எங்கள் கலெக்டர் ஆபீசுக்கு அந்த சிஸ்டர் வந்துவிடுவார். வெளுத்த அங்கி, ரப்பர் செருப்பு, பின்னால் இலங்கை அகதிகள் முகாமின் பெண்கள். ஒழுகும் முகாம் வீடுகளுக்கு அரசு கூரை போட்டுத்தர வேண்டும் என்பது கோரிக்கை.

“நிதி இல்லீங்க சிஸ்டர்,” என்றார் அதிகாரி.

“இருக்கட்டுமுங்க. உங்க பேரைச் சொல்லித்தான் தினமும் வேண்டிக்கிறோமுங்க. நானு மாதாகிட்ட, இவங்க முருகன்கிட்ட.”

“எனக்கெதுக்குங்க?”

“மழை பேஞ்சா உங்களுக்கும் தூக்கம் வரக்கூடாதுன்னுங்க.”

அதிகாரி சிரித்தார், சிஸ்டர் சிரிக்கவில்லை. ஐப்பசி மழையில் அதிகாரியே முகாமுக்குப் போய்ப் பார்த்தார். கூரைக்கு நிதி வந்தது.

அடுத்த திங்களே, முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு சிஸ்டர் என் மேசைக்கு வந்தார்.

“அதெல்லாம் டெல்லியில முடிவு பண்றதுங்க,” என்றேன்.

“சரீங்க. அங்க இருக்கற ஆபீசர் பேரென்னங்க?”

சொல்லும்வரை நகர்வதாக இல்லை.