அமாவாசைக்கு வந்த அழுவாச்சி படம்

வாடகை வீடியோ டெக்கு சூடானால் ஒரு வாசனை வரும். கருகத் தொடங்கிய பிளாஸ்டிக்கும், பழைய தூசியும், கடைக்காரர் உள்ளே துடைத்துவிட்ட ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாசனை எங்கள் தறிக்கூடத்தில் எழுந்ததும் எங்களுக்கெல்லாம் திருவிழா வந்துவிட்டதாகத் தோன்றும். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் தறி ஓய்வது அமாவாசை அன்றுதான், ஆகவே டெக்கு வருவதும் அமாவாசை அன்றுதான். காலையில் கலர் டிவியையும் டெக்கையும் ரிக்‌ஷாவில் கொண்டுவந்து இரண்டு தறிகளுக்கு நடுவே இறக்கினால், பொழுது சாய்வதற்குள் மூன்று படம் ஓட்டி, கண் வீங்க அழுது தீர்த்து, மறுநாள் எல்லாரும் ஒன்றுமே நடக்காதது போல் தறியில் உட்கார்ந்துவிடுவார்கள். வாடகை கொடுத்து அழுத ஜனங்கள் நாங்கள்.

மூன்றில் இரண்டு ஒரே நடிகையின் படமாக இருக்கும். அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தியைக் கும்பிட்டிருப்பார்கள், அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் படத்தின் பெயரும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. புருஷனின் சின்னவீட்டுக்குத் தானே பிரசவம் பார்த்தாளே, அது ‘நர்ஸ் படம்’. ஜில்லாவையே ஆட்டிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் புருஷனின் ஷூவைக் கழற்றினாளே, அது ‘கலெக்டர் படம்’. எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்கிற புருஷனை அழுதே திருத்தி, கடைசியில் அவனைத் தன் காலில் விழவைத்தாளே, அதுதான் ‘அழுவாச்சி படம்’. அவள் நடித்ததில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் எங்கள் தெருப் பெண்கள் யோசிக்காமல் அதைத்தான் சொல்வார்கள். ஆறாம் வகுப்புப் படித்த நானும் அதைத்தான் சொன்னேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளுடைய வேடங்களுக்கு நானே மார்க் போட்டு வைத்திருந்தேன். கலெக்டருக்கு எண்பது, நர்ஸுக்குத் தொண்ணூறு, அழுவாச்சிக்கு நூற்றுக்கு நூறு. சின்ன வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். நாற்பது வயதுக்காரிகளும் அதே மார்க்கைத்தானே போட்டார்கள், அவர்கள் என்ன சொல்லித் தப்பிப்பார்கள்?

இப்போது நினைத்தால் அந்த நடிப்பே எரிச்சலாக இருக்கிறது. அவளை அறைவார்கள், கலைந்த தலையிலும் பூ மட்டும் நழுவாது. கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கும், மை கரையாது. மாமியார் நெருப்பை அள்ளிக் கொட்டினாலும் அவள் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தைதான், ‘அத்தான்’. அந்த வார்த்தையை எங்கள் ஊரில் ஒரு பெண்ணும் புருஷனைப் பார்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அதைக் கேட்டு உருகாத பெண்ணும் இல்லை.

அந்த வருடம் ஆடிக்குச் சரளா அத்தை வந்திருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. தை மாதம்தான் வாலாஜாபாத்தில் அரிசி மில் சூப்பர்வைசர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதும் ஆவணி பிறந்ததும் சீரோடு திருப்பி அனுப்புவதும் முறை. வந்தவளின் இடது புருவத்தில் பாதி இல்லை. மாமா மில் சாவிக்கொத்தை எறிந்தாராம், தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தவள், மூன்றாம் நாள் பெரியம்மாவிடம் சொன்னாள்.

“அண்ணி, ஆவணிக்கு நான் போவல. என்னை அனுப்பாதீங்க.”

பெரியம்மாதான் எங்கள் வீட்டில் எல்லாம். அவள் முடிவு செய்தால் பெரியப்பா தலையாட்டுவார், அவர் தலையாட்டினால் அப்பா தலையாட்டுவார், அம்மாவைக் கேட்கும் வழக்கமே கிடையாது. “எந்த வீட்டுல இல்லாதது உனக்கு வந்துடுச்சி? பொம்பளைன்னா கொஞ்சம் அனுசரிச்சிக்கினுதான் போவணும்” என்றாள் பெரியம்மா. “ஆவணிக்கு அனுப்பலன்னா தெருவுல என்னான்னு பேசுவாங்க?” என்றார் அப்பா. பாவில் ஓர் இழை அறுந்தாலும் எட்ட நின்று கண்டுபிடிக்கிற அப்பா, தங்கையின் புருவத்தை அந்த மாதம் முழுக்க ஏறெடுத்தே பார்க்கவில்லை. தெரு என்ன பேசும் என்று பயந்தவருக்குத் தங்கை என்ன பேசுகிறாள் என்பது காதில் ஏறவில்லை.

பெரியம்மா அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். “ஆடி அமாவாசைக்கு அந்த அழுவாச்சி படத்த எடுத்துக்கினு வாங்க. பாத்தாள்னா மனசு எளகிடும்.” இது அவளுடைய சொந்த யோசனை ஒன்றும் இல்லை. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணுக்கு அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டி அனுப்புவது எங்கள் தெருவில் ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. அப்பாவோடு நானும் கடைக்குப் போனேன். அந்தப் படத்தைக் கேட்டதும் கடைக்காரர் கேசட்டைத் தேடக்கூட இல்லை, மேஜையிலிருந்தே எடுத்தார். எடுத்துக்கொண்டே, “உங்க வூட்டுல யாருப்பா வந்துக்கீறாங்க?” என்று கேட்டார். அப்பா கேசட்டை வாங்கித் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார். எத்தனை வீட்டுக்கு அந்தக் கேசட்டு போயிருந்தால் அவருக்கு அப்படிக் கேட்கத் தோன்றியிருக்கும்!

ஆடி அமாவாசை அன்று காலை, அத்தையை டிவிக்கு நேர் எதிரே பாயில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு திரையைப் பாதியும் அத்தையின் முகத்தைப் பாதியுமாகப் பார்த்தார்கள். எத்தனையோ பேர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில், புருஷன் காலில் விழுகிற இடம் வந்ததும் படம் நடுங்கிக் குறுக்கே கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்கு நடுவிலும் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். நானும்தான். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாத்தியா, எப்பிடி பொறுத்துக்கினு இருந்து ஜெயிச்சா” என்றாள்.

அத்தை மெதுவாகத் திரும்பினாள். “ரெண்டரை மணி நேரத்துல திருந்திட்டான் அண்ணி. எனக்கு ஆறு மாசம் ஆவுது.”

“இது சினிமாடி. அப்பிடித்தான் காட்டுவாங்க” என்றாள் பெரியம்மா, கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல். சினிமா என்று தெரிந்தேதான் ஒரு பெண்ணின் உயிரை அதன்மேல் பணயம் வைத்திருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மனசு இன்னும் இளகவில்லை என்று அதே படத்தை இன்னொரு தடவையும் ஓட்டினார்கள். அத்தை எழுந்து போகவும் இல்லை, அழவும் இல்லை.

மறுநாள் காலை, பள்ளிக்கூடம் போகக் கிளம்பிய எனக்குக் கிணற்றடியில் வைத்துத் தலை பின்னிவிட்டாள். ஒரு பின்னல் முடிந்தது. அடுத்ததைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

“பாப்பா, நீ சொல்லு. நான் போவட்டா?”

வீட்டில் என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. பெரிய மனுஷியாகிவிட்ட பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நூற்றுக்கு நூறு போட்டவள் அல்லவா நான்? “போ அத்தை. கடைசியில மாமாவும் உன் கால்ல விழுவாரு பாரு” என்றேன். அத்தை இரண்டாவது பின்னலையும் முடித்து, ரிப்பனை மடித்துக் கட்டி, “சரி, ஸ்கூலுக்கு நேரமாவுது, போ” என்றாள்.

ஆவணி பிறந்த முதல் வாரத்திலேயே போய்விட்டாள். அப்பாவும் பெரியப்பாவும் சீர்த்தட்டோடு பஸ் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். “படத்தப் பாத்து மனசு மாறிட்டா” என்று பெரியம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அடுத்த அமாவாசைக்கு அந்தக் கேசட்டு எங்கள் தெருவிலேயே வேறொரு வீட்டுக்குப் போனது.

மாமா காலில் விழவில்லை. அடி அந்தச் சாவிக்கொத்தோடும் நிற்கவில்லை. பதினேழு வருடம் அத்தை அந்த வீட்டில் இருந்தாள். நல்ல நாளுக்கு வந்து போவாள். ஒரு தடவை கையில் கட்டு, ஒரு தடவை பல் இல்லை. குடியில் ஈரல் வெந்து படுக்கையில் விழுந்த பிறகும், அவள் குடிக்கக் கொடுத்த கஞ்சியை அவள் முகத்திலேயே கொட்டிய மனிதர் அவர். அவர் செத்தபோது நான் ஒரு சொட்டும் அழவில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

இதற்குள் நடிகைக்கு வயதாகி அவள் டிவி சீரியலுக்கு வந்துவிட்டாள். மருமகளைச் சித்திரவதை செய்கிற மாமியார் வேடம். மத்தியானம் அது ஓடும்போது பெரியம்மா தறி வேலையைப் போட்டுவிட்டு வந்து, “ஒரு பொண்ண இந்தப் பாடு படுத்துறாளே, இவள்லாம் நல்லா இருப்பாளா” என்று திரையைப் பார்த்துச் சபிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் பெரியம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை.

அந்த நடிகை நடித்ததில் எதைப் பார்க்கலாம் என்று இன்று என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். ஒரு வாரம்கூட ஓடாத படம், அதில் அவளுக்குப் பத்து நிமிட வேடம். பேங்க்கில் வேலை செய்கிறவள். புருஷன் வீட்டிலிருந்து சமாதானம் பேச நாலு பேர் வருகிறார்கள். அவள் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வரமாட்டேன், காபி குடிச்சிட்டுப் போங்க” என்கிறாள். கண்ணீர் இல்லை, அத்தான் இல்லை. அவளுக்கு நடிக்கவும் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முப்பது வயதில், எதையோ தேடும்போது தற்செயலாகப் பார்த்தேன். எங்கள் கடைக்காரரிடம் அந்தக் கேசட்டு இருந்ததே இல்லை. யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

டெக்குக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். கேசட்டும் போயிற்று, ரிக்‌ஷாவும் போயிற்று, அமாவாசைக்குக் கூட்டமாக உட்கார்ந்து அழுவதும் போயிற்று. தொலைந்தது நல்லது என்றுதான் சொல்வேன். போன மாதம் அத்தை என் வீட்டுக்கு வந்திருந்தாள். போனில் அந்த நடிகையின் பேட்டி ஒன்று ஓடியது. இளைய தலைமுறை பார்க்க வேண்டிய உங்கள் வேடங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, அவள் சிரித்துக்கொண்டே முதலாவதாகச் சொன்னது அழுவாச்சி படத்தைத்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போனை அணைத்துவிட்டு, இத்தனை வருடம் கேட்கத் துணியாததைக் கேட்டேன்.

“அன்னிக்கு நான் போன்னு சொல்லாம இருந்திருந்தா, நீ போயிருக்க மாட்டல்ல அத்தை?”

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“வூட்டுல எல்லாருந்தான் போன்னாங்க பாப்பா. ஒருத்தராவது போவாதன்னு சொல்லுவாங்களான்னுதான் உன்னாண்ட வந்து கேட்டேன்.”