ஓடெல் ப்ரூயிட்டின் ஹாரன்

என் அண்ணன் ஓடெல் ப்ரூயிட் பதினோரு ஆண்டுகள் அமெரிக்காவின் கரோலினாவில் செம்மண் பந்தயத் தடங்களில் கார் ஓட்டினார். வார நாட்களில் மரக்கட்டை லாரி. ஞாயிறு காலையில் தம் கறுப்புக் காரில் மனைவி லர்லீனைத் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்வார். பிற்பகல் அதே காரின் கதவுகள் திறந்துகொள்ளாதபடி இடுப்புவாரால் கட்டிக்கொண்டு பந்தயத்தில் இறங்குவார்.

1949 வசந்தத்தில், சந்தைத் திடலில் நடந்த ஐம்பது சுற்றுப் பந்தயத்தில் அவரே முதலில் வந்தார். ஆனால் கதவில் எழுதிய எண்ணைச் சேறு மூடியிருந்தது. மேசையில் அமர்ந்து சுற்றுகளை எண்ணியவர்கள் அவருடைய சுற்று ஒன்றைத் தவறவிட்டார்கள். க்ளீட் ஹாஸ்கின்ஸ் வென்றதாக அறிவிக்கப்பட்டது.

"கண்ணுல படாத சுத்த நான் எப்படி எண்ணுறது, தம்பி?" என்றார் பந்தயத்தை நடத்திய ஸ்பைவி. நான் மூன்று முறை எழுத்தில் முறையிட்டேன். நகல்கள் உள்ளன, பதில்கள் இல்லை.

லர்லீன் அண்ணனிடம் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ உன்ன ரெண்டாவதுன்னு சொல்லட்டும், அதுக்கப்புறம் இந்த வண்டி சர்ச்சுக்கு மட்டும்தான்."

இலையுதிர் காலத்தில் அதே திடலில் மீண்டும் ஐம்பது சுற்றுகள். முதல் சுற்று முடிந்து மேசையைக் கடக்கையில் அண்ணன் ஹாரனை அழுத்தினார். எண்ணுபவர் ஒருவரின் காப்பி மடியில் கொட்டியது. அடுத்த சுற்றிலும் ஹாரன், அதற்கடுத்ததிலும்.

ஸ்பைவி என்னிடம் ஓடிவந்தார். "என்னய்யா கூத்து இது? கல்யாண ஊர்வலமா?"

சட்டைப்பையிலிருந்த விதித்தாளை விரித்துக் காட்டினேன். "கம்பெனியிலேர்ந்து வந்தபடியே வண்டி இருக்கணும்னு அச்சடிச்சது நீங்கதானே, சார்? ஹாரனும் அதோட வந்ததுதான்."

அதற்குள் ஒவ்வொரு ஹாரனுக்கும் மக்களே சுற்றை எண்ணத் தொடங்கியிருந்தார்கள். "பதினேழு!" என்று பலகை இருக்கைகள் அதிர்ந்தன. வேகவைத்த வேர்க்கடலை விற்றவன் வியாபாரத்தை மறந்து கத்தினான்.

முப்பத்தெட்டாம் சுற்றில் ஹாரன் சிக்கிக்கொண்டு இடைவிடாமல் அலறியது. "இப்ப எண்ணுங்கடா பாக்கலாம்!" என்று ஸ்பைவி துள்ளினார். கூட்டம் ஒரு சுற்றையும் விடவில்லை. தேவாலயத் தொப்பியுடன் இருக்கைமேல் ஏறி நின்ற லர்லீனின் குரலே உரக்கக் கேட்டது. "ஐம்பது!" என்றதும் கொடிக்காரர் மேசைப் பக்கம் திரும்பாமலே கட்டம்போட்ட கொடியை வீசினார்.

இரண்டாவதாக வந்த க்ளீட் காதைப் பொத்தியபடி வந்தார். "யோவ் ஓடெல், அந்தச் சனியன நிறுத்துய்யா! நீதான் ஜெயிச்ச, ஊருக்கே கேட்டுருச்சு!"

அண்ணன் ஹாரனின் கம்பியைப் பிடுங்கினார். ஸ்பைவி ஒலிபெருக்கியில் முதலிடம் ஓடெல் ப்ரூயிட் என்று அறிவித்தார். பெயரைச் சரியாகவே உச்சரித்தார். லர்லீன் இறங்கி வந்து அண்ணனின் முகத்துச் சேற்றைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"சரி, அடுத்த ஞாயித்துக்கிழம எங்க பந்தயம்?" என்று கேட்டார்.

ஆற்றங்கரைத் தடத்தில். அங்கே அண்ணன் ஆறாவதாக வந்தார். அந்த முடிவில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.